யாருக்கு நல்ல நாள்? ஐரிஷ் ஆண்டுச் சடங்குகள் பற்றிய ஒரு நூலை முன்வைத்து

சனிக்கிழமையில் வீடு மாறக்கூடாது. மாறினால் அந்த வீட்டில் நெடுநாள் தங்கமாட்டோம் என்பது அயர்லாந்தின் பல பகுதிகளில் நிலவிய நம்பிக்கை. என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற மேயோ மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் புதிய வீட்டின் சாவி ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. சாமான் ஏற்றும் வாகனமோ சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. மனிதர் வெள்ளி இரவே ஒரு கதிரையையும் ஒரு கேத்திலையும் தூக்கிக்கொண்டுபோய்ப் புதிய வீட்டில் வைத்துவிட்டு வந்தார். "நான் நேற்றே குடிவந்துவிட்டேன், இன்று வருவது என் சாமான்கள்" என்று மறுநாள் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அந்தக் கதிரையை வைக்காமல் விட்டிருக்கமாட்டார்.

திங்கட்கிழமையில் புதைகுழி வெட்டத் தொடங்குவதும் இவ்வாறே விலக்கப்பட்டிருந்தது. சாவு நாள் பார்த்து வருவதில்லை என்பதால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஞாயிறன்றே போய் ஒரு மண்கட்டியைப் புரட்டிவிட்டு வந்தால், குழி ஞாயிறன்றே தொடங்கப்பட்டதாகிவிடும். எமக்கு இது புதிதல்ல. நல்ல நாளில் குடையையும் வாளையும் முன்னே அனுப்பிவிட்டு அரசன் பின்னர் புறப்படுவதைக் 'குடைநாட்கோள்', 'வாள்நாட்கோள்' எனத் துறைகளாகவே வகுத்து வைத்திருக்கிறது எமது புறப்பொருள் இலக்கணம்.

நாள் பார்க்கும் மனிதர் தமது நம்பிக்கைக்கு முற்றாக அடிமைப்பட்டவர் அல்லர். அதனோடு பேரம் பேசத் தெரிந்தவர் என்பதையே இவை காட்டுகின்றன. ஆகவே நல்ல நாள், கெட்ட நாள் என்பது 'உண்மையா, பொய்யா' என்ற கேள்வியோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. எமது புலம்பெயர் சூழலில் இவ்விடயம் பற்றி இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று, மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் குரல். மற்றது, எமது வேர்கள், எமது அடையாளம் என்று கண்கலங்கும் குரல். ஒன்றையொன்று கடுமையாக எதிர்க்கும் இவ்விரண்டும் ஒரு கேள்வியைச் சேர்ந்தே தவிர்த்துவிடுகின்றன: ஒரு நாள் 'நல்லது' எனப்படும்போது அது யாருக்கு நல்லது? அதன் செலவை யார் சுமக்கிறார்?

இக்கேள்வியோடு ஐரிஷ் நாட்டாரியலின் முக்கியமான நூல் ஒன்றை வாசித்துப் பார்க்க முயல்கிறேன். கெவின் டனாஹர் எழுதி 1972இல் கோர்க் நகரின் மேர்சியர் பதிப்பகம் வெளியிட்ட 'தி இயர் இன் அயர்லாந்து' என்பதே அந்நூல்.

1

டனாஹர் (1913–2002) லிமெரிக் மாவட்டத்து அதீ என்ற ஊரில் பிறந்தவர். ஜேர்மனியில் படித்துவிட்டு வந்து ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழுவில் பணியாற்றியவர். 1935இல் ஜேம்ஸ் டெலார்ஜியின் தலைமையில் தொடங்கிய இந்த ஆணைக்குழு உலகில் இத்துறையில் நடந்த பெருமுயற்சிகளில் ஒன்று. முழுநேரச் சேகரிப்பாளர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் குரல்களைப் பதிந்து, வீட்டில் இருந்து எழுத்தில் பெயர்த்தார்கள். பெயர்த்து முடிந்ததும் உருளையைச் சீவி மறுபடியும் பயன்படுத்தினார்கள். எழுத்து மிஞ்சியது, குரல்களிற் பெரும்பாலானவை அழிந்தன. 1937க்கும் 1939க்கும் இடையில் ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகள் தம் வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதிய கொப்பிகளும் இச்சேகரிப்பில் உள்ளன. 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் பக்கங்களை இன்று இணையத்தில் எவரும் வாசிக்கலாம்.

இந்தக் கடலிலிருந்து அள்ளி, பயணிகளின் குறிப்புகளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களையும் சேர்த்து, ஓர் ஆண்டின் ஒழுங்கில் டனாஹர் அடுக்கித் தருகிறார். பெப்ரவரி 1இல் வரும் புனித பிரிஜிட்டின் நாளில் நூல் தொடங்குகிறது; நத்தார்க் காலத்தில் முடிகிறது. பிரிஜிட்டின் நாளுக்கு முந்திய இரவு கோரைப்புல்லால் பின்னும் சிலுவைகள், அவ்விரவு வெளியே விடப்பட்டு ஆண்டு முழுவதும் நோய் தீர்க்கும் துணி. மார்ச் முடிவில் வரும் 'வரிப்பசுவின் நாட்கள்'. யூன் 23 இரவின் தீவளர்ப்பு, அதன் கொள்ளிகளை வயலில் எறிதல். யூலை இறுதி ஞாயிறின் மலையேற்றம். நவம்பர் 10 இரவில் சேவல் அறுத்து அதன் இரத்தத்தை வாசற்படியில் தெளித்தல். டிசம்பர் 26இல் குருவியைக் கம்பத்தில் கட்டி ஊர்வலம் போதல். டிசம்பர் 28 எந்தக் கிழமையில் வருகிறதோ அக்கிழமை ஆண்டு முழுவதும் புது வேலை தொடங்க ஆகாத கிழமையாகிவிடுதல் – இப்படி நாட்கள் தொடர்கின்றன.

வரிப்பசுவின் கதை அழகானது. கிழப்பசு ஒன்று மார்ச் மாதம் முடிந்ததும், 'இனி உன்னால் என்னைக் கொல்ல முடியாது' என்று துள்ளியதாம். கோபமடைந்த மார்ச், ஏப்ரலிடம் சில நாட்களைக் கடன் வாங்கி அதைக் கொன்றுவிட்டதாம். வைக்கோல் தீர்ந்து புல் இன்னும் முளைக்காத அந்த நாட்களில் மாடுகள் உண்மையிலேயே செத்தன. ஒரு குடியானவன் தன் மிகப் பெரிய பயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதையாக்கி வைத்திருக்கிறான்.

டனாஹரின் நடை இதமானது. குடியானவர்களை ஏளனம் செய்வதில்லை, தெய்வீகமாக்குவதுமில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் புராதன கெல்ற்றியத் தெய்வம் ஒன்றைத் தேடி ஓடுவதுமில்லை. இன்று கடைகளில் விற்கப்படும் 'கெல்ற்றிய ஆண்டுச் சக்கரம்', எட்டு ஆரங்களோடு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் புதிய மாந்திரீகக் குழுக்களிடையே உருவான ஒன்று. அத்தகைய வியாபாரத்தோடு ஒப்பிடும்போது டனாஹரின் நிதானம் பெரிய விடயம். ஆனால் அந்த இதமான நடைதான் எனது பிரச்சினையும்கூட. நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வெளிச்சத்தில், ஒரே ஊர்வலமாக வருகின்றன. அந்த ஊரில் நிலம் உள்ளவனும் இல்லாதவனும், ஆணும் பெண்ணும், கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே 'மக்கள்' ஆகிவிடுகிறார்கள்.

2

மே முதல் நாளை எடுத்துக்கொள்வோம். ஐரிஷ் ஆண்டில் இதைவிட அச்சம் மிகுந்த நாள் இல்லை என்றே சொல்லலாம். அன்று வீட்டிலிருந்து தீயோ சாம்பலோ வெளியே போகக்கூடாது. பால், வெண்ணெய், உப்பு எதையும் இரவல் கொடுக்கக்கூடாது. அதிகாலையில் கிணற்றிலிருந்து முதல் நீரை வேறொருவர் அள்ளிவிட்டால் ஆண்டு முழுவதும் உன் வீட்டு வெண்ணெய் அவர் வீட்டுக்குப் போய்விடும். பனி படிந்த புல்வெளியில் துணியை இழுத்துச் செல்லும் கிழவியைக் கண்டால் அவள் வெண்ணெய் திருடுகிறாள். முயலாக மாறிப் பசுவின் மடியில் பால் குடிக்கும் கிழவியின் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டின் நூலிலேயே உண்டு. மே நாளில் தீக் கேட்டு வரும் பெண்ணை ஐரிஷ்காரர் சூனியக்காரியாகக் கருதுவர் என்று வில்லியம் காம்டன் 400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

ஏன் வெண்ணெய்? மே மாதத்தில் புதுப்புல் வருகிறது, கன்று ஈன்ற பசுக்கள் நிறையக் கறக்கின்றன, ஆண்டின் வெண்ணெய் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது பாதி விடை. மற்றப் பாதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் சிறுகுடியானவன் தான் கடைந்த வெண்ணெயைப் பெரும்பாலும் உண்டவனல்லன். உருளைக்கிழங்கையும் மோரையும் உண்டு, வெண்ணெயைப் பீப்பாய்களில் அடைத்து விற்று, அந்தக் காசில் நிலச்சொந்தக்காரனுக்குக் குத்தகை கட்டினான். மன்ஸ்டர் மாகாணத்து வெண்ணெய் கோர்க் சந்தையை நோக்கிச் சென்றது; தன் காலத்தில் உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தை அது. குத்தகைத் தவணை நாளை அங்கு 'கேல் நாள்' என்பார்கள். பல இடங்களில் அது ஆண்டுக்கு இரண்டு முறை, மே 1இலும் நவம்பர் 1இலும் வந்தது.

அதாவது, பேய்களும் தேவதைகளும் உலாவும் இரண்டு பெரும் நாட்களான பியால்ட்டினாவும் சாவினும்தான் குத்தகைக்காரனின் நாட்களும். தாழியில் வெண்ணெய் திரளாமல் போவது எங்களுக்கு ஒரு பழமொழி. அவர்களுக்கோ அது வீட்டுக் கூரையைப் பிரித்துப்போட்டு வெளியேற்ற வரும் ஆட்களின் முதல் அறிகுறி. பழைய நம்பிக்கை பழைய நாளில் ஏற்கனவே இருந்தது என்பதை மறுக்கவில்லை. குத்தகை அதைப் பிறப்பித்தது என்றும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் உயிரோடு, பதற்றத்தோடு வைத்திருந்தது எது என்பதே கேள்வி.

டனாஹர் இவற்றை மறைத்துவிட்டார் என்று சொல்வது நியாயமல்ல. குத்தகையும் கூலியும் அவர் பக்கங்களில் வராமல் இல்லை. ஆனால் அவை தகவல்களாக வருகின்றன; விளக்கமாக வருவதில்லை. தீயை இரவல் கொடுக்கக்கூடாது என்ற விதி ஒரு 'வழக்கம்' ஆகப் பதிவாகிறது. அந்த அதிகாலையில் தீ அணைந்துபோன வீடு யாருடையது? இரவு முழுவதும் கரித்தணலைக் காக்க வீட்டில் ஆளும் எரிக்கக் கரிமண்ணும் உள்ளவர்களுக்கு இரவல் தேவையில்லை. கேட்டு வருபவள் தனித்திருக்கும் விதவை, கிழவி, ஏழை. அவளுடைய தேவையே அவளுடைய குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. பாதுகாப்பு விதி என்று நாம் வாசிப்பது மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது பட்டினி விதி.

3

நவம்பர் நாளும் இப்படித்தான். ஒக்டோபர் 31 இரவோடு காட்டுப் பழங்களில் பூக்கா என்னும் பேய் துப்பிவிடும், அதன்பின் அவற்றை உண்ணலாகாது என்பார்கள். இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று அடுப்பைச் சுற்றி இடம் விட்டு வைப்பார்கள். இன்று உலகெங்கும் விற்கப்படும் ஹலோவீனின் ஊற்றுகளில் ஒன்று இது. ஆனால் 1752இல் பிரித்தானிய அரசு நாட்காட்டியிலிருந்து 11 நாட்களை நீக்கிய பிறகும் அல்ஸ்ரர் மாகாணத்தில் பழைய கணக்கு ஒரு விடயத்தில் விடாப்பிடியாக நின்றது. மே 12ஐயும் நவம்பர் 12ஐயும் ஒட்டி அங்கு கூலிச் சந்தைகள் கூடின. ஆறு மாதத்துக்கு ஆளை வாங்கும் சந்தைகள் அவை. லெற்றர்கென்னி, ஸ்ராபேன், டெரி ஆகிய ஊர்களின் தெருக்களில் டொனிகோல் மலைப்பகுதிப் பிள்ளைகள் சிறு மூட்டையோடு நிற்பார்கள். பண்ணைக்காரர் வந்து புஜத்தைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவார்கள்.

மிக்கி மக் கௌன் (1865–1948) அப்படி விற்கப்பட்ட பிள்ளைகளில் ஒருவர். பத்து வயது நிறையுமுன் லெற்றர்கென்னிச் சந்தையில் நின்றவர். பின்னர் ஸ்கொட்லாந்துக்கும், அமெரிக்காவுக்கும், குளொண்டைக் தங்க வயல்களுக்கும் போய் ஊர் திரும்பினார். அவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கைக் கதை 1959இல் ஐரிஷ் மொழியில் வெளிவந்தது. நூலின் பெயரின் பொருள் 'வாழ்வின் பெருஞ்சக்கரம்'. அதை எழுதியெடுத்தவர் அவருடைய மருமகன் ஷோன் ஓ ஹியோகி; டொனிகோலில் நாட்டாரியல் ஆணைக்குழுவின் முழுநேரச் சேகரிப்பாளர். ஒரே கை, ஒரே மாவட்டத்தில், பேய்க்கதைகளையும் பண்டிகைகளையும் எழுதியது. அடிமைக்கூலியின் கதையையும் எழுதியது. ஆனால் முதலாவது 'நாட்டாரியல்' என்ற அலுமாரிக்குப் போனது, இரண்டாவது 'சுயசரிதை' என்ற அலுமாரிக்குப் போனது. நவம்பர் மாதத்தைப் பற்றி ஒரு பிள்ளை கொண்டிருந்த அச்சத்தை முழுமையாக அறிய வேண்டுமானால் இரண்டு அலுமாரிகளையும் ஒன்றாகத் திறக்க வேண்டும்.

வேடிக்கை நாட்களுக்கும் இந்த விதி பொருந்தும். அன்று தவக்காலத்தில் திருச்சபை திருமணம் செய்துவைத்ததில்லை. ஆதலால் தவக்காலத்துக்கு முந்திய வாரங்களே கல்யாணக் காலம். அதற்குள் கல்யாணம் ஆகாதவர்களின் முதுகில் தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் போகும்போது சோக்கட்டியால் கோடிழுப்பார்கள். கடலின் நடுவே உள்ள ஸ்கெலிக் பாறைத்தீவில் தவக்காலம் பிந்தித் தொடங்குவதாகச் சொல்லி, கோர்க், கெரி பகுதிகளில், 'இன்னின்னார் ஜோடியாக ஸ்கெலிக் போகிறார்கள்' என்று கேலிப்பாட்டுப் பட்டியல்கள் கட்டுவார்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் 1930களில் கிளெயர் மாவட்டத்தில் தங்கி ஆய்வுசெய்த அமெரிக்க மானிடவியலாளர் அரென்ஸ்பேர்க், நாற்பது வயது தாண்டியும் நிலம் கைக்கு வராத மகன்கள் 'பெடியன்' என்றே அழைக்கப்பட்டதை எழுதுகிறார். பஞ்சத்துக்குப் பின் நிலத்தைத் துண்டாடாமல் ஒரே மகனுக்குக் கொடுக்கும் முறை இறுகியது. ஒரே மகளுக்குச் சீதனம், மற்றவர்களுக்குக் கப்பல். சோக்கட்டிக் கோடு விழுந்த முதுகுகளில் பெரும்பாலானவை நிலமற்ற முதுகுகள். கேலி செய்தவன் சீதனத்தைக் கேலி செய்யவில்லை.

4

யூலை கடைசி ஞாயிறு பற்றி மிகச் சிறந்த நூலை எழுதியவர் மொய்ரா மக்நீல். ஆணைக்குழு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1962இல் வெளிவந்த அவரது 'லூனசாத் திருவிழா', மலையுச்சிகளிலும் நீர்நிலைகளிலும் நடந்த கூடல்களைப் பழைய லூக் தெய்வத்தின் அறுவடை விழாவோடு தொடர்புபடுத்துகிறது. மேயோவின் குரோ பட்ரிக் மலையில் அந்த ஞாயிறன்று இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள்.

அந்த ஞாயிறுதான் புதுக் கிழங்கு தோண்டும் நாள். அதற்கு முன் தோண்டுவது கேடு. தோண்டுபவன் ஒழுங்கற்ற குடும்பக்காரன் என்று ஊர் பேசும். யூலையை 'கோவாவின் யூலை' என்றழைத்தார்கள். பழைய கிழங்கு தீர்ந்து, புதியது முற்றாமல், கோவா இலையை அவித்துத் தின்ற மாதம் அது. வசதியுள்ள வீடு ஞாயிறு வரை காத்திருந்து நல்ல பெயர் எடுத்தது. கூலிக்காரன் வட்டிக்காரனிடம் கடனுக்கு மா வாங்கினான், அல்லது இருட்டில் தோண்டினான். பொறுமை ஒரு நற்குணம் என்றால் அந்த நற்குணத்துக்கும் ஒரு விலை இருந்தது.

1845 செப்டெம்பரில் கிழங்கில் கருகல் நோய் கண்டது. 1841இல் 81 இலட்சத்துக்கு மேல் இருந்த சனத்தொகை 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாயிற்று. சுமார் 10 இலட்சம் பேர் இறந்தனர். நாள் பார்த்துத் தோண்டியவனுக்கும் பாராமல் தோண்டியவனுக்கும் ஒரே அழுகிய கிழங்குதான் கிடைத்தது. இங்கே ஒரு மனிதரைக் குறிப்பிட வேண்டும்: வில்லியம் வைல்ட், ஒஸ்கார் வைல்டின் தந்தை, டப்ளின் மருத்துவர். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மரணங்களின் அட்டவணையைத் தொகுத்தவர் அவர். 'ஐரிஷ் மக்கள் மூடநம்பிக்கைகள்' என்ற நூலை 1852இல் வெளியிட்டவரும் அவரே. செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்கள் நம்பியவற்றையும் எழுதினார். பஞ்சமும் குடிபெயர்வும் சேர்ந்து அந்த உலகத்தை அழித்துவிட்டதை அவர் தமது நூலிலேயே உணர்ந்து எழுதுகிறார். அவர் இறந்தபின் எஞ்சிய குறிப்புகளை வைத்து மனைவி ஜேன் வைல்ட் 1887இல் வெளியிட்ட பெருந்தொகுப்பிலோ அந்தப் பிணவாடை இல்லை. மந்திரமும் மர்மமும் மிஞ்சி நிற்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரே வீட்டுக்குள்ளேயே நாட்டார் வழக்காறு இப்படி 'அழகாகி' விட்டது. டனாஹர் ஜேன் வைல்டைவிட எவ்வளவோ நேர்மையானவர். ஆயினும் அவரது ஆண்டில் 1847 என்ற ஆண்டு வருவதில்லை; அவருடையது எல்லா ஆண்டுகளும் கலந்த, எந்த ஆண்டுமல்லாத ஓர் ஆண்டு.

5

இதுவரை சொன்னதைக் கொண்டு, நம்பிக்கை என்பது பலமுள்ளவனின் ஆயுதம் மட்டுமே என்று யாரும் முடிவுகட்டிவிடக்கூடாது. அவ்வாறாயின் நாம் முதற் குரலோடு போய்ச் சேர்ந்துவிடுவோம்.

நவம்பர் 11, புனித மார்ட்டினின் நாள். அன்று எந்தச் சக்கரமும் சுழலக்கூடாது. இராட்டை, ஆலை, வண்டி எதுவும். பிரிஜிட்டின் நாளிலும் பல இடங்களில் இவ்விதி இருந்தது. இதற்குப் புனிதர் ஆலைச் சக்கரத்தில் இறந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்று மார்ட்டின் அப்படி இறக்கவில்லை. ஆனால் இராட்டையின் முன் இருந்த பெண்ணுக்கு அந்தக் கதை உண்மையைவிட உதவியாக இருந்தது. வீட்டுக்காரனோ, நூலுக்குக் காசு கொடுக்கும் வியாபாரியோ அன்று அவளைச் சுற்றச் சொல்ல முடியாது. சொன்னால் கேடு அவனுக்கு. தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் புனிதரின் கோபம் அந்த வேலையைச் செய்தது. நிறுத்தாமல் ஓடும் பட்டியின் முன் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான், விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதை நான் எப்படிப் படித்திருப்பேன் என்று நினைத்தேன். 'சூரிய வழிபாட்டின் எச்சம்' என்று குறிப்பெடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

அன்று அறுத்த இறைச்சியில் ஏழைகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் நுழைந்தவர் யாராயினும் கடைகோலைப் பிடித்து நாலு முறை குத்திவிட்டே போக வேண்டும். இல்லையேல் வெண்ணெயின் அதிர்ஷ்டத்தைக் கொண்டுபோய்விடுவார் என்று சந்தேகம். இந்த விதி பெண்ணின் கைக்குச் சற்று ஓய்வு கொடுத்தது. குருவி ஊர்வலத்திலும் பிரிஜிட் ஊர்வலத்திலும் வரும் இளைஞர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும்; முகமூடி போட்டவனை இரப்பவன் என்று ஏசவும் முடியாது. ஆக, ஒரே நாட்காட்டிக்குள் மே முதல் நாள் கதவைச் சாத்துகிறது, மார்ட்டினின் நாள் கதவைத் திறக்கிறது. எந்த நாள் எதைச் செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொத்தமாகப் போற்றவும் முடியாது, மொத்தமாக எரிக்கவும் முடியாது.

6

இந்த வேறுபாடுகள் தொகுப்புக்குள் ஏன் மங்கிப்போயின என்பதற்குத் தொகுத்த முறையும் ஒரு காரணம். ஆணைக்குழுவின் முழுநேரச் சேகரிப்பாளர்கள் அனைவரும் ஆண்கள். கதைசொல்லிகளிலும் ஆண்களே அதிகம். பாடசாலைத் திட்டத்தில் டப்ளின், கோர்க் போன்ற பெருநகரப் பாடசாலைகளுக்கு விலக்களிக்கப்பட்டது. டப்ளின் நகரத் தொழிலாளரின் வழக்காறுகளைத் திரட்ட 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிதாக விடுதலையடைந்த நாடு தன் ஆன்மாவை மேற்குக் கரைக் கிராமத்தில் கண்டது. அந்தக் கிராமம் ஒற்றுமையாக இருக்க வேண்டியது அரசியல் தேவை. 1945இல் பஞ்சத்தின் நூற்றாண்டையொட்டி ஆணைக்குழு அனுப்பிய வினாக்கொத்துக்கு வந்த பதில்களில், செத்தவர்கள் பெரும்பாலும் 'அடுத்த ஊர்க்காரர்' ஆகவே இருப்பதை வரலாற்றாசிரியர்கள் கவனித்திருக்கிறார்கள். தன் வீட்டில் பட்டினிச்சாவு நடந்தது என்று சொல்லக் கூச்சம். பக்கத்து வீட்டுக்காரனின் நிலம் எப்படித் தன் தாத்தாவின் கைக்கு வந்தது என்று சொல்லவும் கூச்சம்.

தொகுப்பு சொல்லாமல் விட்டதை நீதிமன்றப் பதிவு சில வேளைகளில் சொல்லிவிடுகிறது. 1895 மார்ச்சில் திப்பெரரி மாவட்டத்து பலிவட்லீயில் பிரிஜிட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை அவள் கணவன் எரித்துக் கொன்றான். நோய்ப்பட்டிருந்தவள் தன் மனைவியல்ல, தேவதைகள் விட்டுச்சென்ற மாற்றுருவம் என்பது அவன் வாதம். மனைவி வெள்ளைக் குதிரையில் திரும்பி வருவாள் என்று அருகிலிருந்த பழைய மண்கோட்டையில் மூன்று இரவுகள் காத்திருந்தான். உறவினரும் அயலவரும் அவளைப் பிடித்து மூலிகை புகட்ட உதவியிருந்தார்கள். அவள் தையல் இயந்திரம் வைத்து உழைத்தவள், கோழி வளர்த்துத் தன் காசு தான் சம்பாதித்தவள், பிள்ளையில்லாதவள். அந்த வழக்கை லண்டனின் பழமைவாதப் பத்திரிகைகள் ஐரிஷ்காரருக்குத் தன்னாட்சி ஏன் ஆகாது என்பதற்குச் சான்றாக்கின. 1999இல் இது பற்றி நூல் எழுதிய ஆஞ்செலா பேர்க், நம்பிக்கை அங்கே ஒரு மொழியாகச் செயற்பட்டது என்று காட்டுகிறார்: வேறு சொற்களில் சொல்ல முடியாத பகையைச் சொல்ல உதவிய மொழி. காலனியவாதியின் ஏளனத்துக்கும் இடங்கொடாமல், கொலையையும் பூசிமெழுகாமல் எழுதுவது எப்படி என்பதற்கு அந்நூல் சாட்சி. மே காலையில் தீக் கேட்டு வந்த கிழவியை அப்படி எழுத டனாஹருக்குப் பின் வந்தவர்களால் முடிந்திருக்கிறது. அதற்கு வேண்டிய மூலங்களைப் பொறுமையாக அடுக்கி வைத்த கடனும் டனாஹருக்கே உரியது.

7

ஒரு ஐரிஷ் நூலைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம், இந்த வேலையை நாமும் தொடங்கிவிட்டோம் என்பதே. ஊர்ச் சங்கங்களின் மலர்களில் 'எங்கள் ஊரின் பழக்கவழக்கங்கள்' என்று பக்கங்கள் நிறைகின்றன. தைப்பொங்கல் முற்றமும் ஆடிக்கூழும் ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையும் டனாஹரின் பக்கங்களைப் போலவே இதமாக, எந்த ஆண்டுமல்லாத ஓர் ஆண்டில் நடக்கின்றன. எழுதுபவர்கள் நேர்மையானவர்கள். இழந்தவர்கள். நினைவைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவர்கள். அந்த இழப்பை நான் இலேசாக எண்ணவில்லை. என்னிடமும் அதுவே மிச்சம்.

ஆனாலும், அந்த மலர்களில் வரும் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம், யார் வாளியோடு தள்ளி நிற்க வேண்டும் என்பது எழுதப்படுவதில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரக்கூடாத விதவை தன் வாயால் எதையும் சொல்வதில்லை. பொங்கலன்று முற்றத்தில் நின்றவரும் வேலிக்கு வெளியே நின்று பெற்றுப்போனவரும் ஒரே 'நாங்கள்' ஆகிவிடுகிறார்கள். எமது வினாக்கொத்தை இனித்தான் தயாரிக்கப் போகிறோம் என்றால், ஐரிஷ்காரருக்கு 1945இல் கிடைக்காத ஒரு வசதி எமக்கு உண்டு: சொல்லக் கூச்சப்படும் தலைமுறையும் கேட்கத் துணிந்த தலைமுறையும் இன்னும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருக்கின்றன.

ஆகவே ஊர் நினைவுகளைச் சேகரிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நல்ல நாளையும் எழுதும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். அன்று யாருக்கு வேலை நின்றது? அன்று யார் காசு கொடுத்தார், யார் பெற்றார்? அன்று யாருக்கு எந்தக் கதவு சாத்தப்பட்டது? விடைகளைத் திருத்தாமல், எந்த ஊரில் எந்த ஆண்டில் என்று குறித்து எழுதுங்கள். அப்படி எழுதினால் எமது மலர்களின் இதம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் இருக்கலாம். அவர்களுடைய பதிலை இவ்விதழில் படிக்க விரும்புகிறேன்.